வேலியோரம் நடந்த சிங்கம்

விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்களுக்கு நெய்யாறு என்றால் தண்ணீர். 1958இல் கட்டி முடித்த அணையிலிருந்து இடதுகரைச் சானல் எல்லை தாண்டி வந்து எங்கள் மாவட்டத்தின் மேற்கு வயல்களை நனைத்தது. 2004இல் அது நின்றுபோனது. அதைப் பேசத் தொடங்கினால் வேறொரு கட்டுரையாகிவிடும். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு நெய்யாறு என்றால் சிங்கம். அணை நீரின் நடுவே மரக்குன்னம் என்றொரு தீவு. எண்பதுகளின் நடுவில் அங்கே நான்கு சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கம்பிவேலி கட்டி சஃபாரி பூங்கா என்று பெயர் வைத்தார்கள். குட்டிகள் பிறந்தன. ஒரு காலத்தில் எண்ணிக்கை 16 வரை போனது.

அதுவரை நாங்கள் அறிந்த சிங்கங்கள் வேறு. சுசீந்திரம் கோயில் தூண்களில் வாய் பிளந்து நிற்கும் யாளி. அம்மன் கோயில் கொடையில் தோளில் ஏறி வரும் சிம்ம வாகனம். நாகர்கோவிலில் சர்க்கஸ் கூடாரம் போட்டால், சாட்டை சொடுக்கும் சத்தத்துக்கு ஸ்டூலில் ஏறி உட்காரும் சிங்கம். (1998இல் மத்திய அரசு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வைத்து வித்தை காட்டுவதைத் தடை செய்தது. நல்ல காரியம், இன்னும் முன்னாலேயே செய்திருக்கலாம்.) திருவிதாங்கூர் காலத்து மனிதர்களான எங்கள் பாட்டாமார்களுக்கு 1859இல் திறந்த திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை இருந்தது. 1956இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதைத் தங்கள் ஊர் மிருகக்காட்சிசாலையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கூண்டுக்குள் அடைபடாத சிங்கத்தை, கூட்டமாக, குட்டியும் தாயுமாகப் பார்க்க எங்களுக்குக் கிடைத்த இடம் மரக்குன்னம்தான்.

காலாண்டு விடுமுறைக்கு அருமனையில் சித்தப்பா வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கிருந்து வெள்ளறடை வழியாக ஜீப்பில் அணைக்கு. அணையிலிருந்து படகு. தீவில் இறங்கினால் ஜன்னலெல்லாம் கம்பிவலை அடித்த வேன். சித்தப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த யாஷிகா என் கழுத்தில் தொங்கியது. ஒரு ரோலில் 36 படம். அக்காவின் சடங்குக்கும் அதே ரோல்தான். "மக்களே, சிங்கத்துக்கு நாலஞ்சு போதும், பாத்து எடு" என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிறைய நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பார்வை இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

வேன் ரப்பர் மரங்களைத் தாண்டி ஒரு வளைவில் நின்றது. நிழலில் பெண் சிங்கங்கள் சாய்ந்து கிடந்தன. ஒன்றின் முதுகில் இன்னொன்று தாடையை வைத்திருந்தது. வேனைப் பார்த்து எதுவும் தலை தூக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, வேலியை ஒட்டி, ஓர் இளம் ஆண் நடந்துகொண்டிருந்தது. பிடரி அப்போதுதான் முளைத்துக் கழுத்தைச் சுற்றிக் குத்துக்குத்தாக நின்றது. வேலி முடியும் மூலை வரை போகும், திரும்பும், மறு மூலை வரை வரும். அது நடந்த தடத்தில் புல் இல்லை. மண் இறுகிப் பாதையாகவே ஆகியிருந்தது. ஓட்டுநர் எங்கள் பக்கத்துத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: "அவன் எப்பவும் இப்படித்தான். தீனி வச்சாலும் தின்னிட்டுத் திரும்பவும் நடக்கும்."

மார்த்தாண்டத்தில் கழுவிப் பிரிண்ட் போட்டபோது எல்லாப் படத்திலும் கம்பிவலையின் கோடுகள் குறுக்கே விழுந்திருந்தன. படுத்திருந்த பெண்கள் தெளிவாக விழுந்திருந்தன. நடந்த ஆண் மட்டும் ஒரு பழுப்பு இழுப்பாக, முன்னங்கால் மட்டும் அடையாளம் தெரிய, வேலியோரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சிங்கக் கூட்டம் என்பதைப் பற்றிப் பிறகு எவ்வளவோ படித்திருக்கிறேன். அதன் அடிப்படை பெண்கள்தான். அம்மா, மகள், சித்தி, பெரியம்மா, சகோதரிகள் என்று இரத்த உறவுள்ள பெண்கள் ஓரிடத்தில் நிலைத்திருக்கின்றன. குட்டிகளைச் சேர்ந்து வளர்க்கின்றன. ஆண் குட்டிக்கு மூன்று வயது நெருங்கும்போது அந்த இடத்தில் இடம் இல்லாமல் போகிறது. அது வெளியேறியாக வேண்டும். தனியாகவோ அண்ணன் தம்பியாகவோ கிளம்பி, மாதக்கணக்கில் அலைந்து, வேறொரு நிலத்தில் வேறு பெண்களிடம் போய்ச் சேரும். அப்படிப் போனால்தான் நெருங்கிய இரத்தம் தங்களுக்குள்ளேயே கலக்காமல் இருக்கும். பிறந்த இடத்திலும் சண்டை வராது. கூட்டம் பிழைப்பதே பிள்ளைகள் கிளம்பிப் போவதால்தான். வளைகுடாவுக்கும் ஆழ்கடலுக்கும் ஆண்பிள்ளைகளை அனுப்பியே குடும்பம் நடத்திய மாவட்டம் எங்களுடையது. இந்தக் கணக்கு எங்களுக்குப் புரியாததல்ல.

மரக்குன்னத்தில் வெளியேற வழி இல்லை. நாலு பக்கமும் வேலி, வேலிக்கு அப்பால் தண்ணீர். அங்கே பிறந்த ஆணுக்கு மூன்று வயதானால் நடக்க மட்டும்தான் முடியும். நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டிகள் பிறக்கும் நிலை வந்தபோது, 2000களில் ஆண்களுக்குக் கருத்தடை செய்தார்கள். அடைத்து வைத்த இடத்தில் அதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. ஆனால் அதோடு அந்தக் கூட்டத்தின் முடிவு எழுதப்பட்டுவிட்டது. வயதாகி ஒவ்வொன்றாகச் செத்தன. 2019இல் குஜராத்திலிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்து பார்த்தார்கள், அவையும் நிலைக்கவில்லை. 2020 அக்டோபர் கடைசியில், வயநாட்டில் பிடித்து அங்கே கொண்டுவந்து வைத்திருந்த ஒரு புலி கூண்டை விட்டு வெளியே போய்விட, மயக்க ஊசி போட்டு மறுபடி பிடித்தார்கள். 2021இல் பிந்து என்ற பெண் சிங்கமும் இறந்த பிறகு பூங்காவில் சிங்கம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய, கூண்டுக்குள் அடைபடாத சிங்கங்கள் அதோடு முடிந்தன.

இன்று எங்கள் தெருவில் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. வேலிக்குள் அடைபடாத சிங்கம் இரண்டு நாள் ரயில் தூரத்தில், குஜராத்தின் கீர்க் காட்டில் இருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து வேராவலுக்கு வாரம் ஒருமுறை போகும் ரயில், கொங்கண் கரையோரமாகப் போய், சூரத், அகமதாபாத், ராஜ்கோட், ஜூனாகட் தாண்டிக் கடைசியில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டு விடுகிறது. வேராவலில் இறங்கியவுடன் வரும் வாடை எங்கள் குளச்சல் வாடை. அங்கே ஒரு டீக்கடை வாசலில் தூத்தூர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன், விசைப்படகில் வந்தவர். ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் திரும்பினார். நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவருக்கு வியப்பு. "அண்ணாச்சி, சிங்கத்தப் பாக்கவா இவ்வளவு தூரம்? போன மழைக்கு இந்தக் கரைப் பக்கமே வந்து நின்னுதுன்னு சொன்னாவ, கேட்டியளா" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. கீரின் சிங்கங்கள் காட்டை விட்டு இறங்கிக் கடலோரச் சவுக்குத் தோப்புகளிலும் கருவேலப் புதர்களிலும் குடியேறிப் பல வருடங்களாகின்றன.

வேராவலிலிருந்து கீர்க் காட்டின் நுழைவிடமான சாசன் சுமார் 40 கிலோமீட்டர். காடு ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். மழைக்குப்பின் திறந்ததும் போனால் பச்சை அடர்த்தியில் சிங்கம் கண்ணில் படுவது அரிது. தேக்கிலை உதிர்ந்து காடு மஞ்சளாகும் குளிர்காலமே நல்லது. அனுமதிச் சீட்டை ஊரிலிருந்தே பதிவு செய்துவிட வேண்டும். திறந்த ஜிப்ஸியில் ஆறு பேர், ஓட்டுநர், வழிகாட்டி. மூன்று மணி நேரம். எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதை வனத்துறை சொல்லும், அதை விட்டு விலகக் கூடாது. தேவாலியா என்ற இடத்தில் வேலியடைத்த சஃபாரியும் உண்டு, அங்கே பேருந்தில் போனால் சிங்கம் நிச்சயம். நான் அங்கே போகவில்லை. வேலிக்குள் பார்க்க வேண்டியதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன்.

முதல் வெளிச்சத்தில் புள்ளிமான்கள் ஒரே திசையைப் பார்த்துக் கத்தின. மரத்தின் மேல் அனுமன் மந்தியும் அதே திசைக்குக் குரல் கொடுத்தது. வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். தேக்குச் சருகுக்குள் எதுவும் தெரியவில்லை. சருகின் நிறம்தான் சிங்கத்தின் நிறம். ஒரு காது அசைந்தபோதுதான் முழு உடலும் கண்ணுக்கு வந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பின்னால் மூன்றாவது. மூன்றும் பெண்கள். நடுவில் ஐந்து குட்டிகள், எது எதன் பிள்ளை என்று பிரிக்க முடியாதபடி மேலே ஏறி விழுந்துகொண்டிருந்தன. ஒரு குட்டி ஒருத்தியிடம் பால் குடித்துவிட்டு அடுத்தவளிடம் போய் முட்டியது. அவளும் காலை விலக்கிக் கொடுத்தாள். அவற்றுக்கும் எங்களுக்கும் நடுவே வேலி இல்லை. இருபதடித் தூரம்தான். அந்த இருபதடியும் அவை விட்டுக்கொடுத்த இடம்.

ஆசியச் சிங்கத்தைப் படம் எடுப்பவர்கள் இரண்டு அடையாளங்களைத் தேடுவார்கள். வயிற்றடியில் நீளமாகத் தொங்கும் தோல் மடிப்பு ஒன்று. ஆணின் பிடரி ஆப்பிரிக்கச் சிங்கத்தின் அளவுக்கு அடர்த்தியில்லாமல் காது வெளியே தெரிவது மற்றொன்று. நான் மூன்றாவதாக ஒன்றைத் தேடுவேன்: மீசை முடி முளைக்கும் இடத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள். மேல் வரிசையில் அந்தப் புள்ளிகள் அமைந்திருக்கும் விதம் ஒரு சிங்கத்துக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். ஆகவே முகத்தைப் பக்கவாட்டில், இடது வலது இரண்டும், புள்ளி எண்ணக்கூடிய தெளிவில் எடுத்துவிட்டால் அந்தப் படம் எந்தச் சிங்கம் என்பதற்கு ஆதாரமாகிவிடுகிறது. கர்ஜிக்கும் வாயைத் துரத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் செய்யலாம். இன்றைய மிரர்லெஸ் கேமரா தானே சிங்கத்தின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது, ஷட்டர் சத்தம்கூட இல்லை. நொடிக்கு இருபது படம் வரும். அன்றைக்குச் சித்தப்பா கொடுத்த நாலஞ்சு படத்தின் கட்டுப்பாட்டை நான் இன்றும் விடவில்லை. குட்டி பால் குடித்த நேரம் முழுக்கக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஆண் எங்கே என்று வண்டியில் இருந்த ஒருவர் கேட்டார். கீரில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வாழ்கின்றன. அங்கே முக்கிய இரை புள்ளிமான். ஒரு மான் ஒரு பெரிய கூட்டத்துக்குக் காணாது. இணை சேரும்போதும் பெரிய இரை விழும்போதும்தான் ஆண் வந்து கலக்கிறது. டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தில் பணியாற்றிய ஒய்.வி. ஜாலாவும் அவருடைய குழுவினரும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: கீரின் பெண் சிங்கம் தன் நிலத்தைச் சுற்றியுள்ள வெவ்வேறு ஆண் கூட்டணிகளோடு இணை சேர்கிறது. தன்னுடைய குட்டியாக இருக்கலாம் என்ற எண்ணம் அத்தனை ஆண்களுக்கும் இருப்பதால் குட்டிகள் அந்த ஆண்களால் கொல்லப்படாமல் தப்புகின்றன. இதைப் படித்த பிறகு அந்த மூன்று பெண்களையும் பார்க்கும்போது எனக்குப் பெரும் மரியாதை வந்தது.

திரும்பும் வழியில், கால்நடை மேய்க்கும் மால்தாரிகளின் நெஸ் என்ற குடியிருப்பு ஒன்று. முள்வேலி அடைத்த நாலைந்து குடிசைகள், வெளியே கொம்பு சுருண்ட எருமைகள். ஓர் அம்மா தலையில் பால்குடத்தோடு, சற்று முன் நாங்கள் சிங்கம் பார்த்த திசையிலிருந்து நடந்து வந்தார். கையில் ஒரு கம்பு மட்டும். சிங்கம் எருமையை அடித்தால் அரசு ஈடு கொடுக்கிறது. ஆனால் இந்த மக்கள் பொறுத்துப்போவதற்கு அந்தப் பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூனாகட் நவாபின் பாதுகாப்பில் மிகச் சில சிங்கங்களே எஞ்சியிருந்தன. 1968இல் எண்ணியபோது 177. 2015இல் 523. 2020இல் 674. 2025 மே மாதத்தில் 891. நவாபும் வனத்துறையும் செய்தது பெரிது. வேட்டைக்காரர்களும் வறட்சியும் மாறி மாறி வந்த அத்தனை வருடமும் சிங்கத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த இந்த மனிதர்கள் செய்தது அதைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

அந்த 891இல் பாதிக்கு மேல் இன்று காட்டு எல்லைக்கு வெளியேதான் வாழ்கின்றன. கிளம்பிப் போன பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும். மாந்தோப்பு, கரும்புத் தோட்டம், ஆற்றோரப் புதர், சுண்ணாம்புக் குவாரி, கடற்கரை. 2023 ஜனவரியில் மூன்றரை வயதான ஓர் ஆண் போர்பந்தர் பக்கத்துப் பர்டா சரணாலயத்துக்குத் தன் காலாலேயே நடந்து போய்ச் சேர்ந்தது. 1879க்குப் பிறகு அங்கே சிங்கமே இருந்ததில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் பழைய ஆல்பத்தை எடுத்து மரக்குன்னத்துப் பழுப்பு இழுப்பைப் பார்த்தேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒன்றுக்கு முன்னால் சுமார் 100 கிலோமீட்டர் நிலம் இருந்தது. மற்றதற்கு ஒரு மூலையிலிருந்து மறு மூலை.

வெளியேறுவது சுகமான காரியமில்லை. சௌராஷ்டிர வயல்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் ஏராளம். இருட்டில் ஓடும் சிங்கம் விழுந்து செத்திருக்கிறது. வனத்துறையும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பியிருக்கின்றன. பிபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயிலில் அடிபடுகின்றன. பயிருக்குப் போட்ட மின்வேலியில் மாட்டுகின்றன.

இன்னொரு பயம் இதையெல்லாம்விடப் பெரியது. 891ம் ஒரே மாநிலத்தின் ஒரே மூலையில் இருக்கின்றன. 2018 செப்டம்பரில் கீரின் கிழக்குப் பக்கம் தல்கானியா சரகத்தில் சிங்கங்கள் அடுத்தடுத்து விழுந்தன. நாய்களிடமிருந்து பரவக்கூடிய டிஸ்டெம்பர் வைரஸும் உண்ணி பரப்பும் பபீசியா நோயும் என்று கண்டார்கள். சில வாரங்களில் 23 சிங்கங்கள் போயின. இந்த ஆபத்தை முன்னறிந்துதான் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு ஆறு மாதத்தில் கொண்டுபோகச் சொன்னது. குனோவில் சிங்கத்துக்காகக் கிராமங்களைக் காலி செய்து இடமும் ஆயத்தமாக இருந்தது. சிங்கம் போகவில்லை. 2022 செப்டம்பரில் அந்த இடத்துக்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. குஜராத்துக்குத் தன் சிங்கத்தின் மேல் உள்ள பெருமை எனக்குப் புரிகிறது, அதை மதிக்கவும் செய்கிறேன். ஆனால் தண்ணீருக்கு நடுவே இருந்தால்தான் தீவு என்றில்லை. மனிதர்கள் நெருங்கி வாழும் நிலத்துக்கு நடுவே கீரும் பெரியதொரு மரக்குன்னமாக ஆகிவிடக் கூடாது. பர்டாவுக்கு நடந்து போன ஆணின் வழியில் குனோவுக்கு நடந்து போக முடியாது. அதற்கு மனிதர்கள்தான் கதவைத் திறக்க வேண்டும், அதுவும் அடுத்த நோய் வருவதற்கு முன்.

கீரில் கடைசி மாலையில் நான் தேடிப்போனது கிடைத்தது. வண்டித் தடத்தின் குறுக்கே இரண்டு இளம் ஆண்கள். மூன்று வயது இருக்கும். பிடரி அப்போதுதான் குத்துக்குத்தாக நின்றது. காது நான்கும் வெளியே தெரிந்தன. முன்னால் போனது அடிக்கடி நின்று பின்னால் வருவதைப் பார்த்தது, அது வந்து தோளை உரசியதும் மறுபடி நடந்தது. அண்ணன் தம்பி என்றார் வழிகாட்டி. போன மாதம்வரை தாய்க் கூட்டத்தோடு பார்த்திருக்கிறார். இடது முகம் இரண்டையும், வலது முகம் ஒன்றையும், மீசைப் புள்ளி தெரியும்படி எடுத்தேன். இரண்டாவதன் வலது முகத்தை எடுப்பதற்குள் அவை காட்டு எல்லைப் பக்கம் இறங்கிவிட்டன. படங்களை அன்றிரவே வழிகாட்டிக்கு அனுப்பினேன். அவர் சரக அலுவலகத்தில் கொடுத்தார்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தலாலா பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் இரண்டும் இருக்கின்றனவாம். புள்ளி ஒத்துப்போகிறதாம். தோட்டக்காரர் காட்டுப்பன்றித் தொல்லை குறைந்ததென்று சந்தோஷமாக இருக்கிறார். கோடையில் கேசர் மாங்காய் பறிக்க ஆட்கள் இறங்கினால் அவை அங்கிருந்து நகர்ந்தாக வேண்டும். தெற்கே நகர்ந்தால் கடல், மேற்கே நகர்ந்தால் நெடுஞ்சாலை. அந்தத் தோப்பைச் சுற்றி மூன்று கிணறுகளுக்கு இன்னும் சுவர் கட்டவில்லை என்றும், மனு கொடுத்திருக்கிறோம் என்றும் எழுதியிருந்தார்.